கழிக்கரைத் துப்புரவு: இலையை அள்ள வேண்டாம்

அன்புள்ள உறவுகளே,

பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் சேர்ந்து கழிக்கரையைச் சுத்தம் செய்யப்போவதாக வந்த மடலைப் படித்தேன். மனம் நிறைந்தது. ஆனால் 'பிளாஸ்டிக், பாட்டில், அழுகிய இலைதழை எல்லாவற்றையும் அள்ளி எரிப்பது' என்ற வரி மட்டும் உறுத்துகிறது. இலையை விட்டுவிடுவோம்.

பிச்சாவரத்து உப்பங்கழியில் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் கை போகும் இடமெல்லாம் இந்த இலைச்சேறுதான்.

சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் இலை பழுத்து விழும்போது அதில் சத்து குறைவு. நைட்ரஜன் என்ற தழைச்சத்தில் பெரும்பகுதியை மரம் முன்கூட்டியே உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரில் கிடக்கக் கிடக்க முதலில் துவர்ப்பு கரையும். பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் படரும். இவை நீரிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்வதால், மட்க மட்க இலைத்தூள் சத்தேறிப்போகும். நண்டும் இறால் குஞ்சும் தின்ன வருவது இதைத்தான். போன விடுமுறையில் ஓர் இலையை எடுத்துப் பார்த்தேன். நரம்பு மட்டும் வலைபோல் மிச்சம், விரலில் வழவழப்பு, அடியில் கண்ணாடிபோல் ஒரு கூனி இறால் குஞ்சு. இன்னோர் அலையாத்தி மரமான வெண்கண்டலின் இலை இதைவிடச் சீக்கிரம் மட்கும்.

ஃபுளோரிடாவில் ஓடம், ஹீல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் மீன், இறால்களின் வயிற்றைக் கீறிப் பார்த்து, இலைத்தூளில் தொடங்கும் உணவுச் சங்கிலியை 1972-இல் எழுதினார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். பக்கத்துப் பரங்கிப்பேட்டையிலேயே கண்டல் (அலையாத்தி) இலைகளைப் பையில் கட்டி நீரில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மட்கும் இலையைத் தேடி மீன்குஞ்சும் இறால்குஞ்சும் கூடின.

நாற்றம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஓதம், அதாவது கடல்நீர், ஏறி இறங்காமல் தண்ணீர் தேங்கும் இடத்தில், காற்றில்லாத சேற்றில் இலை அழுகினால் நாறும். அங்கே தூர்ந்த வாய்க்காலைத்தான் பார்க்க வேண்டும். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகுதானே பட்டுக்கிடந்த இடங்களில் கண்டல் தழைத்தது? ஓதம் ஓடினால் இலைத்தூளும் முகத்துவாரம் வரை போகும். நம்மவர் வலை போடும் இடத்துக்கும் அது வந்து சேரும்.

ஆகவே, வேரில் சிக்கிய பிளாஸ்டிக், அறுந்த நைலான் வலை, பாட்டில் இவற்றை மட்டும் கையால் பொறுக்குவோம். வாருகோல் வேண்டாம், நெருப்பு வேண்டவே வேண்டாம். வாய்க்கால் விஷயத்தில் வனத்துறையைக் கேட்காமல் மண்வெட்டி எடுக்கக் கூடாது. மனுவை நான் எழுதித் தருகிறேன். சாக்கு, கையுறைச் செலவில் என் பங்கை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
ஷார்ஜாவிலிருந்து உங்கள் தம்பி