புதுப்பிப்பு: நிலைவாசலில் தடைபடும் அப்பச்சியின் நடை

பார்க்கின்சன் நோயுள்ள அப்பச்சியின் கால்கள், வீட்டின் முன்பகுதியான முகப்பிலிருந்து உள்முற்றப் பகுதியான வளவுக்குள் நுழையும் நிலைவாசலில் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன என்றும், மாத்திரையைத் தவிர வேறென்ன செய்யலாம் என்றும் முன்பு கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

காரைக்குடியிலிருந்து இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். பழக்கத்தால் தானாக நிகழும் அசைவுகளை நடத்தும் மூளைப்பகுதி பழுதுபடும்போது, கண்ணுக்குத் தெரியும் குறியோ காதில் விழும் தாளமோ வேறு வழியாக நடையைத் தூண்டும் என்று விளக்கினார். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைப்பாட்டில் மெல்லிய கோடு எடுபடாது என்பதால், நிலைக்கு இருபுறமும் ஓரடி வைக்கும் இடைவெளி விட்டு, அகலமான வெள்ளை நாடாவைக் குறுக்காக ஒட்டச் சொன்னார். இப்போது அப்பச்சி கோட்டைப் பார்த்து, குதிகாலை முதலில் ஊன்றித் தாண்டுகிறார். யாராவது அவசரப்படுத்தினால் மட்டும் நின்றுவிடுகிறார். (நாடாவைக் கண்டு ஆத்தா முகம் சுளித்தது தனிக்கதை.)

குரலுக்கு, பார்க்கின்சன் உள்ளவர்களுக்கென உருவான எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற குரல் பயிற்சி காணொளி வழியாக நடக்கிறது: வாரம் 4 நாள் வீதம் 4 வாரம், ஒவ்வொரு அமர்வும் ஒரு மணி நேரம், உரத்துப் பேசுவது ஒன்றே இலக்கு. இவை எதுவும் நோயின் போக்கை நிறுத்துவதில்லை. மாத்திரை வேளைகளும் மாறவில்லை.

விழுங்கும் சிரமம் பற்றிக் கேட்டவருக்கு: அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரின் தனி மதிப்பீடு தேவை; நாமாக முயலக் கூடாது.