மிளகு ரசம் மண்ணாகத் தெரிந்த நாள்: ஜிங்க், சிறுநீரகம், உங்கள் அனுபவங்கள்

திருச்சி மகள்
மூன்று ஆண்டுகளாகியும் அந்தத் தட்டு மனதைவிட்டுப் போகவில்லை. அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். தண்ணீர்க் கணக்கு, உப்புக் கட்டுப்பாடு எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அன்று மிளகு ரசம். ஒரு வாய் வைத்ததும், "மண்ணைக் கரைத்து ஊற்றினாயா அம்மா?" என்றார். நான் குடித்துப் பார்த்தேன், தொண்டை எரிந்தது. உப்புக்காகத்தான் அடம் பிடிக்கிறார் என்று நினைத்து, "உங்கள் உடம்புக்கு இனி இதுதான் சாப்பாடு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பதில் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டார். இரண்டு மாதத்தில் எடை குறைந்தது, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் இறங்கியது. புதிதாக வந்த டாக்டர்தான் அவரைப் பார்த்து, "ஐயா, நாக்கில் ருசி தெரிகிறதா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. ரத்தத்தில் ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து குறைவு, அது குறைந்தால் ருசி மங்குமாம். மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, "இன்று புளி தூக்கல்" என்று குறை சொன்னார். எல்லோருக்கும் இப்படி ருசி திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்களுக்குத் திரும்பியது.

படியில் விட்ட செருப்பு
சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓடாமல் இருக்க வேண்டும். எனக்கு சிறுநீரக நோய் மூன்றாம் நிலை. 2020-ல் எதிர்ப்புச் சக்திக்கென்று தினம் 50 மில்லிகிராம் ஜிங்க் ஆரம்பித்தேன். கொரோனா போனது, மாத்திரை போகவில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லை, எனக்கும் தோன்றவில்லை. 2022-ல் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. சிறுநீரகம் கெட்டால் ரத்தம் குறையும்தானே என்று இரும்பு ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். அசையவில்லை. ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வாசல்வரை நடந்துவிட்டேன். வாட்ச்மேன் பின்னாலேயே ஓடி வந்து, "சார், ஒரு செருப்பு படியிலேயே கிடக்கிறது" என்றார். காலில் இல்லாதது எனக்குத் தெரியவேயில்லை.

ரத்தநோய் மருத்துவர் என் மருந்துப் பையை மேஜையில் கொட்டச் சொல்லி, ஜிங்க் அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்தார். ஜிங்க் மிதமிஞ்சினால் குடல் சுவரில் ஒரு புரதம் பெருகி, சாப்பாட்டிலுள்ள தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு போய்விடுமாம். தாமிரம் இல்லாமல் ரத்தமும் ஊறாது, நரம்பும் தாங்காது. வெள்ளையணுக்களும் குறைந்திருந்தன. எதிர்ப்புச் சக்திக்காக விழுங்கியது அதையே தின்றுவிட்டது. ரத்தம் சில மாதங்களில் தேறியது. பாதம் இன்னும் மரத்தே இருக்கிறது.

முளைப்பயறு
இரண்டு பேரும் மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள், சாப்பாட்டை மறந்துவிட்டீர்கள். என் அம்மாவுக்கும் நான்காம் நிலையில் இதே நாக்குப் பிரச்சினைதான், அவ்வளவுதான் என் கதை. விஷயம் என்னவென்றால், தானியத்திலும் பருப்பிலும் ஜிங்க் இருக்கிறது, ஆனால் அவற்றிலேயே உள்ள பைட்டேட் என்ற பொருள் அதை உடம்பில் சேரவிடாமல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1961-ல் ஈரானின் ஷிராஸ் பக்கத்து இளைஞர்களைப் பற்றி எழுதினாரே, புளிக்காத ரொட்டியும் களிமண்ணும் தின்று வளர்ச்சி நின்றுபோனவர்கள், அங்கிருந்துதான் ஜிங்க் குறைவின் கதையே தொடங்குகிறது. நம் வீட்டில் இட்லி மாவு புளிக்கும்போதே பைட்டேட் குறைகிறது. பயற்றை ஊறவைத்து முளைகட்டினாலும் அப்படித்தான். மாவை அவசரத்துக்கு சோடா உப்பு போட்டு ஊற்றாதீர்கள். டீயையும் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். பூசணி விதையை வறுத்து தினம் இரண்டு கைப்பிடி மென்றால் மாத்திரையே வேண்டாம். இதையெல்லாம் எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

மச்சானின் பொட்டாசியம்
முளைப்பயறு ஐயா, சொல்ல மாட்டார்கள்தான், சொன்னால் ஆள் தங்க மாட்டார். 30 கிராம் பூசணி விதையில் ஜிங்க் இரண்டு மில்லிகிராம் சொச்சம், கெட்ட சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பாஸ்பரஸோ 300-க்கு மேல். சிறுநீரக நோயாளியான என் மச்சான் இப்படித்தான் யாரோ சொன்னார்கள் என்று விதை, முளைப்பயறு, இளநீர் என்று ஒரு வாரம் ஓட்டினார். ரத்தத்தில் பொட்டாசியம் 6.8, இதயத்துக்கே ஆபத்தான அளவு. இரவு ஒரு மணிக்கு இசிஜி எடுத்த பையன் தாளைப் பார்த்துவிட்டு எங்களிடம் ஒன்றும் பேசாமல் டாக்டரைத் தேடி ஓடினானே, அந்த ஓட்டம் போதும் எனக்கு. இட்லியை நானும் ஒப்புக்கொள்கிறேன். விதையை விட்டுவிடுங்கள்.

டயாலிசிஸ் நர்ஸ்
சண்டையில் ஒன்று விட்டுப்போகிறது. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ரத்தம் எடுத்தால் ஜிங்க் குறைவாகவே காட்டும், ஏனென்றால் அப்போது அது ரத்தத்தைவிட்டு ஈரலுக்குப் போய்விடுகிறது. ஆல்புமின் குறைந்தவர்களுக்கும் அப்படியே, அதன்மேல்தான் ஜிங்க் சவாரி செய்கிறது. ஜிங்க் அளவை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள்.

எனக்கு மறக்காதவர் ஒரு தையல்காரர். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, டயாலிசிஸ்காரர்களுக்கென்று இரட்டை அளவில், நான்கு தவணையும் தவறாமல் போட்டுக்கொண்டார். எதிர்ப்பொருள், பாதுகாப்புக்கு வேண்டிய குறைந்த அளவான 10-ஐத் தொடவில்லை. "அப்படியானால் என் உடம்பில் எதுவுமே ஒட்டாதா சிஸ்டர்?" என்று கேட்டார். நோயை எதிர்க்கும் டி அணுக்களைப் பழக்கும் தைமஸ் சுரப்பியின் ஹார்மோன் ஜிங்க் இருந்தால்தான் வேலை செய்யும், அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் தேங்கும் யூரியா முதலான கழிவுகளே அணுக்களை மந்தமாக்கிவிடுகின்றன. இதில் எதை அவரிடம் சொல்வது? திரும்பவும் போடலாம் அண்ணா என்று மட்டும் சொல்லி, டயாலிசிஸ் ஊசி குத்தும் பிஸ்டுலா கையில் கட்டை மாற்றிவிட்டேன்.

திருச்சி மகள்
நர்ஸ் அக்கா, அப்பாவுக்கு ரத்தம் எடுத்த வாரம் சளியும் காய்ச்சலும் இருந்தது. அப்படியானால் அவர் நாக்கை மீட்டது மாத்திரையா, சளி இறங்கியதா?