தை முடிந்து மழை வருவதற்குள் வீட்டுத் தோட்டத்தில் என்னென்ன செய்கிறீர்கள்?

ஜெலுத்தோங், பினாங்கு

ஐரோப்பியத் தோட்ட நாட்காட்டிகளில் பிப்ரவரி, மார்ச் என்றாலே கவாத்து வேலைதான். ரோஜாவும் ஆப்பிளும் குளிரில் உறங்கும்போதே கிளை கழித்துவிட வேண்டும் என்பார்கள். நமக்குக் குளிர் இல்லை. ஆனாலும் செடிகளுக்கு ஓர் ஓய்வு உண்டு, அதைத் தருவது வெயில். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். மார்ச் கடைசியில் காற்று மாறி மாலை இடிமழை பிடிக்கும். கிளை வெட்டுவது, சட்டி மாற்றுவது, மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுவது, இந்த மூன்றையும் அந்த மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக முடித்துவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து மூடியிருக்கும், மழை விழுந்ததும் துளிர் கிளம்பும். மழைக்குள் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சை இறங்கி, கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிக்கொண்டே வரும். அதற்காகக் கொளுத்தும் வெயிலில் மொட்டையடிப்பதும் தப்பு. நிழல் கொடுத்த இலை போனதும் தண்டுப் பட்டை வெந்து வெடித்துவிடும். இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

காகிதப்பூவைச் சொல்லிவிடுகிறேன், இந்த நேரத்தில் அதிகம் கெடுவது அதுதான். வறட்சியில் பூத்துக் குலுங்கும்போது கத்தரி வைக்க வேண்டாம். அந்த அலை உதிர்ந்தபின் வெட்டுங்கள். நடுவிலிருந்து நேராக விறைத்து மேலே போகும் தடித்த தண்டுகள் பூக்காது, அவற்றை அடியோடு எடுங்கள். பக்கக் கிளைகளில் இரண்டு மூன்று கணு விட்டுவிட்டு வெட்டினால் போதும், புதுத் துளிரில்தான் பூ வரும். துளிர் ஒரு சாண் வளர்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, இலை லேசாகத் தொங்கும்போது சட்டி நிறைய ஊற்றுங்கள். மறுபடி தொங்கும் வரை கை வைக்காதீர்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று போனால் இலைக்கக்கத்தில் மொட்டு தெரியும். தினமும் நீர், கூடவே யூரியா என்று வளர்த்தால் பச்சையாகப் படர்ந்து நிற்கும், பூ இருக்காது. பையில் 12-12-17-2 என்று சத்து அளவு போட்டிருக்கும் நீல உரம், 12 அங்குலச் சட்டிக்கு மாதம் ஒரு மேசைக்கரண்டி, தண்டை ஒட்டாமல் ஓரமாகப் போடுங்கள்.

செந்தூல், கோலாலம்பூர்

ஜெலுத்தோங் அண்ணன் சொன்ன கணக்கை கேஎல்லில் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டும். எங்கள் பக்கம் பினாங்கு மாதிரி நீண்ட வறட்சி கிடையாது, மார்ச், ஏப்ரலில் மாலை மழை கனமாகக் கொட்டும். பிப்ரவரிக்குள் வெட்டு வேலை முடிவது நல்லது.

கறிவேப்பிலை பற்றி விரிவாகவே எழுதுகிறேன். கேட்டோரம் தரையில் வைத்த செடி ஆள் உயரம் தாண்டி, உச்சியில் மட்டும் இலையோடு நிற்பதைத்தான் எல்லாத் தாமானிலும் (குடியிருப்புப் பகுதியிலும்) பார்க்கிறோம். இதைத் துணிந்து நாலடிக்கு இறக்கலாம், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். பாதித் தண்டுகளை இப்போதும், அவை துளிர்த்தபின் மீதியையும் வெட்டுங்கள். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். குச்சி நீளமாக நின்றால் அது காய்ந்து, கணுவையும் சேர்த்துக் கெடுக்கும். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள், பூவும் பழமும் இலைக்குப் போக வேண்டிய சத்தைத் தின்றுவிடும். அடியைச் சுற்றி ஓரடிக்குள் சங்கூல் (மண்வெட்டி) போட்டுக் கொத்தாதீர்கள். வேர் அறுந்த இடமெல்லாம் புதுக்கன்று முளைக்கும்.

வெட்டியபின்தான் உண்மையான வேலை. வெட்டிய கிளையெல்லாம் ஒரே சமயத்தில் இளந்துளிர் விடும், சிலிட் பூச்சி அதைத்தான் தேடி வரும். இலை சுருண்டு, உள்ளே மஞ்சளாகத் தட்டையான குஞ்சுகளும் வெள்ளை மெழுகு நூலும் தெரிந்தால் அதுதான். துளிர் ஒரு அங்குலம் வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, வெயில் இறங்கியபின் இலைக்கு அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். சோப்பை முதலில் எண்ணெயோடு குழைத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்தால்தான் கலக்கும். 7 நாள் இடைவெளியில் மூன்று தடவை. அதுவரை அந்தத் துளிரைச் சமையலுக்குக் கிள்ள வேண்டாம்.

இன்னொன்று. இதே பூச்சிதான் எலுமிச்சை வகைகளில் பச்சையாதல் நோயைப் பரப்புகிறது. கறிவேப்பிலைக்கு அந்த நோய் வருவதில்லை, ஆனால் பூச்சி அங்கே குடியிருந்து பெருகும். லிமாவ் (எலுமிச்சை வகை) சட்டியைக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

செந்தூல் அக்கா லிமாவ் பேச்சை எடுத்ததால் இதைச் சொல்கிறேன். சீனப் புத்தாண்டு முடிந்து, அதன் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் போனபின், காய்த்த லிமாவ் சட்டிகளைப் பல வீடுகளில் வெளியே வைத்துவிடுவார்கள். கேட்டு வாங்கி வந்தால் நல்ல மரம் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு மாதத்தில் காய்ந்துவிடுகிறது. காரணம், செடி அளவுக்கு மீறிக் காய்த்துக் களைத்திருக்கும். சில நாள் வீட்டுக்குள் வெளிச்சமில்லாமல் நின்றிருக்கும், அலங்காரத் தாளுக்குள் தண்ணீர் தேங்கி வேர் பாதி அழுகியிருக்கும்.

முதலில் சிவப்பு நாடா, கம்பி, தாள் எல்லாவற்றையும் கழற்றி, அடித்துளையில் குச்சி விட்டுப் பாருங்கள். பழம் ஒன்று விடாமல் கத்தரியுங்கள், இழுத்துப் பறித்தால் பட்டை உரியும். அந்தப் பழத்தைச் சாப்பிட வேண்டாம். அழகுக்காக வளர்த்த செடியில் என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் அரைநிழல், பிறகு காலை வெயில், அதன்பின் முழு வெயில். உள்ளே இருந்ததை நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கொட்டும்.

சட்டியைக் கவிழ்த்து எடுக்கும்போது வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் வெளிச்சுற்றை ஓர் அங்குலம் கத்தியால் சீவி, கறுத்துக் குழைந்த வேரை நீக்கி, இரண்டு அங்குலம் மட்டும் அகலமான சட்டிக்கு மாற்றுங்கள். ரொம்பப் பெரிய சட்டி வேண்டாம், வேர் எட்டாத மண்ணில் ஈரம் நின்று புளித்துவிடும். கலவை: மண் மூன்று பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, சுட்ட உமி ஒரு பங்கு. ஒட்டுச் செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ளுங்கள். முதல் மாதம் உரமே வேண்டாம். பிறகு முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் தெரிந்தால் மக்னீசியம் குறைவு, எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டி ஒரு லிட்டர் நீருக்கு. இளம் இலையில் அப்படித் தெரிந்தால் இரும்பு, துத்தநாகக் குறைவு. அங்கே எப்சம் உப்பு உதவாது.

பிறை

சட்டி மாற்றும்போது அடித்தட்டையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த தட்டில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், முதல் மழை பட்டதும் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது, பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். தட்டே இல்லாமல் வைப்பது அதைவிட நல்லது. மழைநீர்ப் பீப்பாய்க்கு வலை கட்டுங்கள். அபேட் என்னும் கொசுப்புழுக் கொல்லிக் குருணை போடுவதானால் 10 லிட்டருக்கு 1 கிராம். கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டு சட்டப்படி அபராதம் உண்டு, ஆனால் அதைவிட டெங்கிதான் பயம்.

செராஸ், கோலாலம்பூர்

மண்ணைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கேஎல் செம்மண் பெரும்பாலும் புளிப்பு. காய்கறிப் பாத்திக்கு டோலமைட் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் தூவி, ஒரு சாண் ஆழம் கிளறி, நீர் தெளித்து இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். அன்றைக்கே கோழிச்சாணமோ யூரியாவோ கலந்தால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்கைத் துளைக்கும் வாடையே அதற்கு அடையாளம். பச்சைக் கோழிச்சாணம் வேரைக் கருக்கும், மக்கியதுதான் வேண்டும்.

கொண்டோ (அடுக்குமாடி) பால்கனிக்காரர்களுக்கு: சட்டிக் கலவை ஒருமுறை முழுசாகக் காய்ந்தால் தண்ணீரை எளிதில் ஏற்காது. ஊற்றுவது சட்டியோரமாக இறங்கி அடியில் வந்துவிடும், நடு வேர் வறண்டே கிடக்கும். வாளியில் சட்டியை விளிம்பு வரை முக்கி, குமிழி நிற்கும் வரை, சுமார் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு, தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளி.

மிளகாய் இலை சுருண்டால் எடுத்தவுடன் மருந்துக்குப் போகாதீர்கள். இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் இரண்டாவதற்குக் கேட்கும், முதலாவதற்குக் கேட்காது. வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். உச்சி வெயிலிலும் அடிக்கக் கூடாது.

வெட்டிய கிளையைக் கொளுத்தாதீர்கள், திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். கேஎல்லில் தோட்டக் கழிவைத் தனியாகக் கட்டி வைத்தால் வாரம் ஒரு முறை எடுத்துப்போவார்கள். சிறு குச்சியை நறுக்கி மக்கவிட்டால் இன்னும் நல்லது.

பட்டர்வொர்த்

ஒன்றில் மட்டும் ஜெலுத்தோங் அண்ணனோடு ஒத்துப்போக மாட்டேன். மழைக்கு முன் எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறார். முருங்கை அந்தக் கணக்கில் வராது. பூ உதிராமல் காய் பிடிப்பதே இந்த வறண்ட மாதங்களில்தான், இப்போது வெட்டினால் வருடத்துக் காயைக் கையால் தள்ளிவிடுவதாகும். காய் முடிந்தபின், ஏப்ரலே ஆனாலும், மழை விட்ட இரண்டு நாளில் மூன்று நாலடிக்கு இறக்குங்கள். தண்டு மென்மையானது, தட்டையாக வெட்டினால் உச்சியில் நீர் நின்று உள்ளே அழுகும். சாய்வாக, ரம்பத்தால் வெட்ட வேண்டும். பாராங் கத்தியால் கொத்தினால் பிளந்துவிடும். வெட்டுவாயில் பிளாஸ்டிக் பை கட்டுங்கள். துளிர் நிறைய வந்தால் நாலைந்தை வைத்துக்கொண்டு மீதியைக் கீரைக்கு ஒடித்துவிடலாம்.

மணிக்கட்டுத் தடிமன் உள்ள முருங்கைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) மூன்று நாலடி நீளத்தில் கிடைத்தால் அதையே நடலாம். நிழலில் இரண்டு மூன்று நாள் சாய்த்து வைத்து, பால் காய்ந்தபின் ஒன்றரை அடி ஆழம். தலைகீழாக நட்டுவிடாமல் மேல்முனையில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது.

குண்டு மல்லிக்கு ஜெலுத்தோங் அண்ணன் சொன்ன காலமே சரி. ஒன்றரை அடிக்கு வெட்டி, பழைய இலையை உருவி, மக்கிய எருவும் நீரும் கொடுத்தால் ஐந்தாறு வாரத்தில் மொட்டு வைக்கும்.

ஜெலுத்தோங், பினாங்கு

முருங்கை விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன்.

மழை தொடங்கிய முதல் வாரம் இரவில் ஆப்பிரிக்கப் பெரிய நத்தை வெளியே வரும். வறட்சி முழுக்க ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கல்லுக்கடியிலும் சட்டி இடுக்கிலும் கிடந்தவைதான் இவை. அதனால் இப்போதே சட்டிகளை நகர்த்திப் பார்த்துப் பொறுக்கினால் மழைக்குப்பின் நாற்று தப்பும். மண்ணுக்குள் கொத்தாகக் கிடக்கும் வெளிர்மஞ்சள் முட்டைகளையும் நசுக்குங்கள். வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள், எலியிலிருந்து வரும் நுரையீரல் புழு அந்த நத்தையில் இருக்கலாம், மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். கையுறை போட்டு வாளி உப்புத்தண்ணீரில் போடுங்கள். நத்தை ஊர்ந்த கீரையைச் சமைக்காமல் சாப்பிடாதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை மறக்க வேண்டாம்.