அந்தச் சிவப்பைச் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா?

உம்பிலோக்காரி: சேட்ஸ்வொர்த் பெரியவர் நேற்று போட்ட பதிவைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. கிளென்வுட் கண்காட்சியில் மாட்டியிருக்கும் அந்தப் பெரிய அரூப ஓவியத்தில் சரியாக 342 சதுரங்களாம். 1860 நவம்பர் 16 அன்று, இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோவில், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனுக்கு வந்து சேர்ந்த 342 பேர்தான் அவையாம். ஐயா, நான் சனிக்கிழமை நேரில் போய் எண்ணினேன். சாம்பல் சதுரம் 341தான். மிச்சம் ஒன்று சிவப்பு, அதுவும் சாய்ந்து கிடக்கிறது. அது கணக்கில் வராது.

சேட்ஸ்வொர்த் பெரியவர்: குறுக்கே 19, நெடுக்கே 18. பெருக்கிப் பாரம்மா. எங்கள் காலத்தில் வாய்ப்பாடு சொல்லாமல் சோறு கிடையாது. சாய்ந்துவிட்டால் சதுரம் சதுரமில்லையா? நீ படுத்துக்கொண்டால் மனுஷி இல்லையா? 342.

பீனிக்ஸ் தம்பி: ஓவியத்துக்குள் கப்பல் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பில் அடையாளம், ஊரோடு ஒத்துப்போவது, இவ்வளவுதான் இருக்கிறது. எனக்கு அது சேட்ஸ்வொர்த் வீடுகளாகத்தான் தெரிந்தது. இனவாரியாக ஊரைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் ஆட்களை வாரிக்கொண்டு போய் 1960களில் அடைத்தார்களே, அந்தப் பெட்டிகள். ஒரே சுவர், ஒரே கதவு. இருட்டில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்த கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

சேட்ஸ்வொர்த் பெரியவர்: சேட்ஸ்வொர்த்தைப் பற்றி எனக்கே பாடமா? அங்கே வீடு ஆயிரக்கணக்கில். 342 வீடுதான் இருந்ததா? சொல்லு.

பீனிக்ஸ் தம்பி: சரி, 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்களே. முதல் கப்பலில் வந்தவர்கள் மட்டும்தான் மனிதர்களா? உங்கள் கொள்ளுத்தாத்தா ட்ரூரோவில் வந்தார் என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லுவீர்கள். அந்தப் பெருமைக்கு ஓவியரை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

சேட்ஸ்வொர்த் பெரியவர்: வந்தார். சொல்லுவேன். 342.

வெறும் பார்வையாளர்: ஓவியர் மலேவிச் 1915இல் ஒரே ஒரு கறுப்புச் சதுரத்தை வரைந்து, ரஷ்ய வீடுகளில் சாமிப் படம் வைப்பது போலக் கண்காட்சி அறையின் மூலையில் மாட்டினார். அங்கே யாரும் எண்ணிக்கொண்டு நிற்கவில்லை.

சேட்ஸ்வொர்த் பெரியவர்: ஒன்றுதானே. அதில் எண்ண என்ன இருக்கிறது?

உம்பிலோக்காரி: பேச்சை மாற்றாதீர்கள். அந்தச் சிவப்பு, பொட்டு. எங்கள் பாட்டி வேலைக்குப் போகும்போது அழித்துவிட்டுப் போய், திரும்பி வந்து வைத்துக்கொள்ளும் பொட்டு. பொட்டை யாராவது தலைக்கணக்கில் சேர்ப்பார்களா? 341.

சேட்ஸ்வொர்த் பெரியவர்: நாலு மூலை உள்ள பொட்டை எந்தக் கடையில் விற்கிறார்கள்? அது கப்பலில் வந்த ஒரு பெண் பிள்ளை. தனியாக வந்தவள். அதனால்தான் சிவப்பு.

பீனிக்ஸ் தம்பி: இது எந்தக் குறிப்பில் இருக்கிறது ஐயா?

சேட்ஸ்வொர்த் பெரியவர்: பார்த்தால் தெரியும். கண் வேண்டும்.

பீனிக்ஸ் தம்பி: கப்பல் பட்டியலை இவ்வளவு நம்புகிறீர்களே, உங்கள் பெயரையே அதில் சரியாக எழுதவில்லை. கவுண்டர் என்று சொன்னது குமாஸ்தா காதில் கோவெண்டர் என்று விழுந்திருக்கிறது.

சேட்ஸ்வொர்த் பெரியவர்: எங்களுடையது கோவிந்தனிலிருந்து வந்தது. என் அப்பா சொன்னது. மூட்லி என்று போட்டுக்கொள்ளும் நீ முதலில் முதலியாரைத் தமிழில் எழுதிக் காட்டு. அப்புறம் என் பெயருக்கு வா. தைப்பூசக் காவடி அன்று பதிகம் பாடச் சொன்னால் கைப்பேசியில் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தவன்தானே நீ?

பீனிக்ஸ் தம்பி: பார்த்தாவது படித்தேன். அன்னதானக் கணக்கை இன்னும் காட்டாதவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

சேட்ஸ்வொர்த் பெரியவர்: கணக்கு என் பையில் இருக்கிறது. பருப்பு விலை முதல் வாழையிலை வரை. கணக்கில் எவனும் என்னை மடக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், 342.

வெறும் பார்வையாளர்: ஒத்துப்போகாத ஒன்றைக் கூட்டத்தில் சேர்ப்பதா, விலக்குவதா என்றுதான் இரண்டு நாளாகச் சண்டை போடுகிறீர்கள். ஓவியர் வரைந்ததும் அதுதானே?

உம்பிலோக்காரி: தம்பி, நீங்கள் எண்ணினீர்களா இல்லையா?

வெறும் பார்வையாளர்: இல்லை.

சேட்ஸ்வொர்த் பெரியவர்: அப்படியானால் சும்மா இரு. அம்மா, ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீயும் வா. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணட்டும்.

உம்பிலோக்காரி: ஓவியத்தைத் தொட விடமாட்டார்கள் ஐயா.

சேட்ஸ்வொர்த் பெரியவர்: தொடாமல் எண்ணினால் இப்படித்தான் ஒன்று குறையும்.

பீனிக்ஸ் தம்பி: அந்தப் பையையும் எடுத்து வாருங்கள்.