ராத்திரிச் சீட்டு யாரிடமாவது இருக்கிறதா?

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டி வட்டாரத்தில் சில சமூகத்தினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய ஆங்கிலேயர் காலக் குற்றப்பரம்பரைச் சட்டம் நடைமுறையில் இருந்த விதம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கைரேகை வைத்துப் பதிவு செய்யப்பட்ட ஆண்கள் வெளியூர் செல்லக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த ராத்திரிச் சீட்டு ஒன்று, எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தகரப்பெட்டியில் நான்காக மடித்துக் கிடந்தது. மடிப்பில் தாள் உதிர்ந்துவிட்டதால் தேதியைப் படிக்க முடியவில்லை.

3.4.1920 அன்று பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்தவர்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1947-இல் சட்டம் நீக்கப்படும்வரை அன்றாடம் அனுபவித்தவை (எனக்கு அவையே முக்கியமாகப் படுகின்றன) பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில்தான் மிஞ்சியிருக்கின்றன. சேடபட்டி, கருமாத்தூர், செக்கானூரணிப் பக்கம் இத்தகைய சீட்டு வைத்திருப்பவர்கள் படம் எடுத்து அனுப்பினால் போதும். மூலத்தைத் தர வேண்டாம். குடும்பத்தாரின் பெயர்களை ஆய்வேட்டில் குறிப்பிட மாட்டேன்.