எக்செல் மேக்ரோ: ஷீட்டைத் திறக்காமலே ஜூமும் ஃப்ரீஸும் மாற்ற வழி உண்டா?

வணக்கம். மாதாந்திரக் கணக்கு ஃபைலில் 30 ஷீட், அதில் நான்கு மறைத்தவை. ஃபைலைத் திறந்ததும் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) வழியாக எல்லாவற்றிலும் கட்டக்கோடுகள் மறைய வேண்டும், ஜூம் 85, மேல் வரிசையும் இடப்பக்கம் இரண்டு பத்திகளும் நகராமல் நிற்க வேண்டும்.

கட்டக்கோடு முடிந்துவிட்டது. ஷீட்வியூஸ் (ஒவ்வொரு ஷீட்டின் காட்சி அமைப்புகளின் தொகுப்பு) வழியாகப் போனால் எந்த ஷீட்டையும் ஆக்டிவேட் செய்யாமலே, அதாவது முன்னால் கொண்டுவராமலே, டிஸ்ப்ளேகிரிட்லைன்ஸை (கட்டக்கோடு காட்டும் அமைப்பு) ஃபால்ஸ் ஆக்கலாம். ஆனால் ஜூமும் ஃப்ரீஸ்பேன்ஸும் (வரிசை, பத்திகளை நகராமல் நிறுத்துவது) அதில் கிடையாது. ஆக்டிவ்விண்டோவில்தான் (இப்போது முன்னால் இருக்கும் சாளரம்) இருக்கின்றன, அதுவும் அப்போது முன்னால் நிற்கும் ஷீட்டுக்கு மட்டும். அதனால் லூப்பில் ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்கிறேன். மறைத்த ஷீட் வந்ததும் 1004 பிழை.

ஃப்ரீஸுக்கு இப்போதைய வரிசை: வியூ நார்மல், ஃப்ரீஸ்பேன்ஸ் ஃபால்ஸ், ஸ்க்ரோல்ரோ 1, ஸ்க்ரோல்காலம் 1, ஸ்ப்ளிட்ரோ 1, ஸ்ப்ளிட்காலம் 2, கடைசியில் ஃப்ரீஸ்பேன்ஸ் ட்ரூ. ஸ்க்ரோலை 1-க்குக் கொண்டுவராமல் விட்டால், 40-ஆம் வரிசையில் நின்ற ஷீட் அங்கேயே உறைந்து தலைப்பு மேலே மாட்டிக்கொள்கிறது.

ஷீட்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஜூம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் விழுகிறது; ஃப்ரீஸ் மட்டும் முன்னால் இருக்கும் ஷீட்டோடு நின்றுவிடுகிறது. குரூப்பைப் பிரிக்க மறந்தால், ஒரு ஷீட்டில் தட்டியது எல்லாவற்றிலும் ஏறிவிடும் என்ற பயமும் உண்டு.

ஆக்டிவேட் இல்லாமல் ஃப்ரீஸ் செய்ய யாருக்காவது வழி தெரியுமா? இல்லையென்றால், மறைத்த ஷீட்களைக் காட்டி, மாற்றி, மறுபடி மறைப்பதா, அல்லது விசிபிள் (ஷீட் தெரிகிறதா, மறைந்ததா என்ற அமைப்பு) பார்த்துத் தாண்டிவிடுவதா? அவற்றில் சில வெரிஹிடன் (வழக்கமான அன்ஹைட் பட்டியலிலும் தெரியாத) நிலையில் உள்ளவை.