பெரியம்மாவின் பணி நிறைவுப் புத்தகம்

அக்கா: பெரியம்மாவின் பணி நிறைவு விழாவுக்கு அவருடைய இயற்கைக் குறிப்பேடுகளைப் புத்தகமாக்கித் தருவதென்று பேசியிருந்தோம். அவரை இந்தக் குழுவில் சேர்க்கவில்லை. யாரும் நேரில் உளறிவிட வேண்டாம். அச்சகமா, கைவேலையா என்பதை இன்றே சொல்லுங்கள்.

சித்தப்பா: அச்சகம்தான். படங்களைத் தனியாகவும் எழுத்தைத் தனியாகவும் பிரித்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

அத்தை: பிரிக்கவே கூடாது, தம்பி. அண்ணி வகுப்பில் ஓர் இலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அதன் நரம்புகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொன்ன சொற்களை அன்று மாலையே அந்த இலைக்குப் பக்கத்தில் எழுதிவைப்பார். அதுவே மறுநாள் பாடமாகும். அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843 முதல் கடற்பாசிகளைச் சூரிய ஒளியில் நீல நிற ஒளிப்படங்களாகப் பதித்தபோது, விளக்கங்களையும் தம் கையெழுத்திலேயே அதே முறையில் பதித்தார். நாமும் அப்படிச் செய்யலாம். அம்மோனியம் இரும்பு சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரண்டு வேதிப்பொருள்களின் கரைசலையும் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசி உலரவிட்டு, மேலே இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் கழுவினால், ஒளி பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்கும்.

தம்பி: மேகம் மூடினால், அத்தை?

அத்தை: கூடுதல் நேரம் பிடிக்கும். முதலில் சிறு துண்டில் சோதித்துப் பார்.

பெரியப்பா: பழைய ஏடுகளைக் கிழிப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். வீடு மாறியபோது அவளுடைய குறிப்பேடுகளில் ஒரு கட்டு, பழைய தாள்களோடு போய்விட்டது.

சித்தப்பா: அதை இங்கேயும் எடுக்க வேண்டுமா, அண்ணா?

பெரியப்பா: எடுத்தே ஆக வேண்டும். அன்று முழுவதும் அவள் யாரிடமும் பேசவில்லை. மீதி இருப்பதாவது நிலைக்கட்டும்.

அத்தை: ஒரு தாளையும் கிழிக்க மாட்டோம், அண்ணா. அண்ணியின் கையெழுத்தை ஒளி ஊடுருவும் தாளில் நகலெடுத்து, பூசிய தாளின்மேல் வைத்தால், நீலத்தில் வெள்ளை எழுத்தாக விழுந்துவிடும். தாளின் இழை, அதாவது அதன் நார்கள் ஓடும் திசை, புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்கும்படி பார்த்து மடிக்க வேண்டும். குறுக்காக மடித்தால் பக்கம் நெளியும், புரட்டவும் வராது. நான்கு தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம். அந்த மடிப்புகளை மெழுகு தடவிய நூலால் சங்கிலித் தையலாகக் கோத்தால், முதுகில் பசையே இல்லாமல் புத்தகம் தட்டையாகத் திறக்கும். பிள்ளைகள் மேசையில் விரித்து வைத்துப் பார்க்கலாம்.

அக்கா: மடிப்பு வேலை என்னுடையது. அட்டைக்குத் துணி ஒட்டலாமா?

தம்பி: துணியே நல்லது. வாழ்த்துரையை யார் வாசிப்பது?

சித்தப்பா: அண்ணாதான்.

பெரியப்பா: என்னால் ஆகாது. அவளிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும்.

அத்தை: வாழ்த்துரையைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு மாதிரிப் பக்கம் செய்து அனுப்புகிறேன்.

சித்தப்பா: அனுப்புங்கள், அக்கா. அதைப் பார்த்த பிறகும் அச்சகமே மேல் என்று தோன்றினால் சொல்லிவிடுவேன்.

அத்தை: தாராளமாகச் சொல். அண்ணிக்குத் தெரியாமல் ஏடுகளை எடுத்து வருவது யார்?

பெரியப்பா: அலமாரிச் சாவி அவளிடம்தான் இருக்கிறது.